இரண்டுங்கெட்டான் இரண்டு மாதம்

பி.எஸ்சி., பி.இ. படிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போய் ஆறு முதல் எட்டு வாரம் ஆய்வு செய்துவிட்டு வருவது இப்போது பரவலாகிவிட்டது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் கூட்டாக நடத்தும் கோடைக்கால ஃபெலோஷிப், ஜக்கூர் ஜவாஹர்லால் நேரு மையத்தின் திட்டம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வி.எஸ்.ஆர்.பி., கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் ஸ்டிபாக், சென்னை ஐ.ஐ.டி.யின் ஃபெலோஷிப் என்று கதவுகள் பல. கல்லூரி லேபில் பியூரெட், பிப்பெட்டைத் தாண்டி எதையும் தொட்டிராத ஒரு பிள்ளை, என்.எம்.ஆர். கருவி முன் உட்கார்ந்து தான் தயாரித்த சேர்மத்தின் வரைபடத்தைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. கட்டாயம் போகட்டும். ஆனால் அங்கே தனக்கு என்ன அந்தஸ்து என்பதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

ஏனென்றால் அந்த இரண்டு மாதமும் அவர் இரண்டுங்கெட்டான். ஆராய்ச்சி நிறுவனத்தின் மாணவர் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஸ்டைபெண்ட் வருகிறது, ஆனால் அது சம்பளம் அல்ல. சிக்கல் வந்தால் நிறுவனம், "உங்கள் கல்லூரியில் கேளுங்கள்" என்று சொல்லும். கல்லூரி, "போன இடத்தில் கேள்" என்று சொல்லும். பெரிய வில்லன் யாரும் இல்லாமலேயே பிள்ளைகள் அலைக்கழிக்கப்படுவது இந்த இடைவெளியில்தான்.

ஊழியரா, மாணவரா என்ற வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு விபத்துகள் போதும். 2008 டிசம்பர் இறுதியில், லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் திரவத்தை சிரிஞ்சால் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. ஸ்வெட்டரில் தீப் பற்றியது. பதினெட்டு நாள் கழித்து இறந்தார். அவர் சம்பளம் வாங்கும் ஊழியர். அதனால் தொழிலிடப் பாதுகாப்புத் துறை நேரடியாக விசாரித்துப் பல்கலைக்கழகத்துக்கு 31,875 டாலர் அபராதம் போட்டது. ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர் மீது குற்றவழக்கே வந்தது. 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு இளநிலை மாணவி ஒருவர், இரவில் பட்டறையில் தனியாக லேத் இயந்திரத்தில் வேலை செய்தபோது தலைமுடி சிக்கி இறந்தார். அங்கேயும் அதே மாதிரித் துறை வந்து பார்த்து, இயந்திரத்தின் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டியது. ஆனால் இறந்தவர் ஊழியர் அல்ல, மாணவி; எனவே அபராதம் போட அதற்கு அதிகாரம் இல்லை. சாவு ஒன்றுதான், சட்டத்தின் கை எட்டிய தூரம்தான் வேறு.

நம் நாட்டிலும் ஆய்வகங்கள் ஆபத்தில்லாதவை அல்ல. 2018 டிசம்பரில் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. ஆய்வகம் ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் ஓர் ஆய்வாளர் இறந்தார், மூன்று பேர் காயமடைந்தார்கள். எனவே சேர்ந்த முதல் நாளே கேட்க வேண்டியவை சில உண்டு. பாதுகாப்புப் பயிற்சி எப்போது? கண் கழுவும் குழாயும் தீயணைப்பானும் எங்கே? நான் கையாளப்போகும் ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே? இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக இருக்கலாமா? "ஃபியூம் ஹூட் வேலை செய்யவில்லை, பரவாயில்லை, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்" என்று ஒரு சீனியர் அண்ணா சொன்னால், "கைடிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் அண்ணா" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. அதைச் சொன்னதற்காக யாரும் ஃபெலோஷிப்பைப் பிடுங்கக் கூடாது. விபத்துக் காப்பீட்டை நிறுவனம் தருகிறதா, நாமே எடுக்க வேண்டுமா என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அடிபட்ட பிறகு கேட்டால் பதில் இரண்டுங்கெட்டானாகவே வரும்.

கிளம்புவதற்கும் முன்னால் ஒரு கண்ணி இருக்கிறது. பல கல்லூரிகள் இன்டர்ன்ஷிப்பை மதிப்பெண்ணோடு கட்டிவைத்துவிட்டதால் சான்றிதழ் வியாபாரம் கொழிக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு மின்னஞ்சல் வரும்: தேசிய அளவிலான ஆய்வு ஃபெலோஷிப்புக்கு நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், இடத்தை உறுதிசெய்ய இன்று மாலைக்குள் திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை கட்டவும். கீழே ஒரு க்யூஆர் கோடு. விண்ணப்பமே போடாத இடத்திலிருந்து தேர்வுக் கடிதம் வருவதே போதுமான அடையாளம். நல்ல நிறுவனம் ஃபெலோவுக்குப் பணம் கொடுக்கும். தேர்ந்தெடுத்ததற்காக ஃபெலோவிடம் பணம் கேட்காது. விடுதி வாடகை, மெஸ் பில் என்று வாங்குவது வேறு, அதையும் நேரில் சேர்ந்த பிறகு ரசீதோடு வாங்குவார்கள். அனுப்பியவர் பெயரை நம்ப வேண்டாம், முகவரியின் வாலைப் பாருங்கள். ஏசி டாட் இன், ரெஸ் டாட் இன் என்று முடியும் முகவரிகளை எர்நெட் இந்தியா அமைப்பு கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டுமே பதிந்து தருகிறது. இயக்குநரின் பெயரைப் போட்டு ஜிமெயிலில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைத்துக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

உண்மையான தேர்வுக் கடிதம் வந்த பிறகும் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கு உள்ள உரிமைகளில் பாதி அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. தொடங்கும் தேதி, முடியும் தேதி, கைடின் பெயர், ஸ்டைபெண்ட் எவ்வளவு, எப்போது வரும், ரயில் கட்டணம் உண்டா, விடுதி உண்டா. இதில் எது இல்லையோ அதை ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்க வேண்டும். போனில் கிடைத்த வாக்குறுதி ஆள் மாறினால் போச்சு. ஸ்டைபெண்ட் பெரும்பாலும் மாதக் கடைசியில் வராது; வருகைப் பதிவில் கைடு கையெழுத்துப் போட்டு, அறிக்கை கொடுத்து, கணக்குப் பிரிவில் கோப்பு நகர்ந்து, ஊருக்குத் திரும்பிய பிறகுகூட வரலாம். அதனால் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே போக வேண்டும். இது ஏழைப் பிள்ளைகளைத்தான் அதிகம் அடிக்கிறது. உதவித்தொகை தரும் திட்டத்தில் சேர முதலில் கடன் வாங்க வேண்டியிருப்பது அநியாயம் என்பதுதான் என் கருத்து. முதல் மாதத் தொகையைச் சேர்ந்த வாரத்திலேயே கொடுக்க நிறுவனம் மனது வைத்தால் முடியாத காரியமும் இல்லை.

பாலியல் தொல்லை விஷயத்தில் மட்டும் சட்டம் இந்த இடைவெளியை அடைத்து வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகார் தரும் பெண் எந்த வயதினராக இருந்தாலும், அங்கே பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். பயிற்சியில் இருப்பவர், ஊதியம் இல்லாமல் வேலை செய்பவர் எல்லோரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. எனவே "நீ இங்கே ஊழியர் இல்லை" என்ற பேச்சு எடுபடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும்; தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். கோடை ஃபெலோவுக்கு இதில் நினைவில் வைக்க வேண்டியது, ஊருக்குத் திரும்பிவிட்டதால் புகார் செத்துப்போவதில்லை என்பதுதான். பணி நிமித்தம் போன கருத்தரங்கும், அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. முதலாண்டு மாணவி சில சமயம் பதினேழு வயதுப் பெண். அப்போது போக்சோ சட்டமும் சேர்ந்து வரும், காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஆண் மாணவர்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் துணை வராது. ஆனால் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் யு.ஜி.சி. கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு விதிகள் ஆண், மூன்றாம் பாலின மாணவர்களையும் கணக்கில் எடுக்கின்றன.

ஆய்வு முடிந்த பிறகு எழும் சண்டை பெயரைப் பற்றியது. கட்டுரை வெளியாகும்போது என் பெயர் வருமா? இரண்டு மாதம் சோதனைக்குழாய் கழுவியதற்கு நன்றியுரையில் ஒரு வரி போதும். ஆனால் ஆய்வுக்கு முக்கியப் பங்களித்து, எழுத்திலும் கைவைத்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, பொறுப்பும் ஏற்பவர் ஆசிரியர் என்பது மருத்துவ இதழ்களின் பன்னாட்டு ஆசிரியர் குழு வகுத்த அளவுகோல். இதைத் தொடக்கத்திலேயே கைடிடம் பணிவாகப் பேசிவிடலாம். தேதி போட்ட ஆய்வக நோட்டே பிற்பாடு சாட்சி சொல்லும். நோட்டு நிறுவனத்துக்குச் சொந்தம், அதனால் கிளம்பும் முன் அனுமதி கேட்டுப் பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

குறை இருந்தால் ஏறவேண்டிய படி இது: முதலில் ஒருங்கிணைப்பாளர், அடுத்து கல்விப் பிரிவு டீன் அல்லது இயக்குநர், எல்லாமே மின்னஞ்சலில். பல இடங்களில் ஒருங்கிணைப்பாளர் ஆய்வு வேலையின் நடுவே இதையும் இழுத்துப் பார்க்கும் ஓர் உதவிப் பேராசிரியர்தான். ஒரு வாரம் பொறுத்து மறுபடி எழுதுவதில் தப்பில்லை. மத்திய அரசின் நிறுவனம் என்றால் சி.பி.கிராம்ஸ் இணையதளத்தில் புகார் பதியலாம். 2024 ஆகஸ்ட் முதல் 21 நாளில் தீர்வு காண வேண்டும் என்பது விதி. ஸ்டைபெண்ட் கோப்பு எங்கே நிற்கிறது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி போன பிறகு கோப்பு தானாக நகர்வது பலர் கண்ட அனுபவம். சொந்தக் கல்லூரியே சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபெலோஷிப்புக்கு அனுப்ப மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவிடம் எழுதலாம். அது சரிவராவிட்டால் யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.