போலி வெள்ளிக் கட்டிகளும் அவற்றைக் கண்டறியும் முறைகளும்

போலி வெள்ளிக் கட்டி என்பது வேறு உலோகத்தால் செய்யப்பட்டு, மேலே வெள்ளி முலாம் பூசப்பட்ட கட்டி அல்லது குறிப்பிட்ட தரத்தை விடக் குறைவான வெள்ளி கலந்த கட்டி ஆகும். ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த 'ஜெர்மன் சில்வர்' என்ற கலவையில் பெயரைத் தவிர வெள்ளி சிறிதும் இல்லை.

ஏமாற்று வெளிப்படும் காலம்

நகையை அணிகிறார்கள், பழுதுபார்க்கிறார்கள், அடகு வைக்கிறார்கள். அப்போதெல்லாம் அது சோதிக்கப்படுகிறது. கட்டியோ வாங்கிய நாள் முதல் பெட்டியில் இருக்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறைகள், வெள்ளி நகைகள் மீதும் நாணயங்கள் மீதும் கடன் வழங்க இடமளிக்கின்றன. கட்டி வெள்ளி மீது அனுமதிப்பதில்லை. எனவே வங்கி மதிப்பீட்டாளரின் பார்வைக்கும் கட்டி வருவதில்லை. மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கப் போகும் நாளில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே சோதனை வாங்கும் முன்பே நடக்க வேண்டும்.

அடர்த்திச் சோதனை

தூய வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். ஈயம் 11.34, செம்பு 8.96, துத்தநாகம் 7.14. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு இந்த வேறுபாட்டை வீட்டிலேயே அளக்கலாம்.

1. 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் கட்டியை எடை போட வேண்டும்.
2. தராசின் மேல் நீருள்ள கண்ணாடிக் குவளையை வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.
3. கட்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் நீரில் முழுவதும் மூழ்கும்படி பிடிக்க வேண்டும்.
4. கட்டியின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

100 கிராம் தூய வெள்ளிக் கட்டிக்குத் தராசு சுமார் 9.53 கிராம் காட்டும். ஈயமானால் 8.82, செம்பானால் 11.16, துத்தநாகமானால் 14.01 காட்டும்.

கடற்கரை ஊர்களில் இச்சோதனைக்கு எந்த நீரை எடுப்பது என்பதில் கவனம் தேவை. பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையிலுள்ள அக்காள்மடம் போன்ற ஊரில் ஒருவர் கடல்நீரிலேயே சோதித்தால், கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025 என்பதால், தராசு 9.77 காட்டும். கணக்கிட்டால் அடர்த்தி 10.23 என வரும். 92.5 விழுக்காடு வெள்ளியின் அடர்த்தியே சுமார் 10.36 என்பதால், நல்ல கட்டியும் கலப்படமாகத் தோன்றும். உப்புக் கரிக்கும் கிணற்று நீரும் ஓரளவு இவ்வாறே பிழை தரும். மழைநீர் அல்லது குடிநீரே ஏற்றது. கட்டியில் ஒட்டும் காற்றுக் குமிழிகளையும் அகற்ற வேண்டும்.

பிற சோதனைகளும் அவற்றின் எல்லைகளும்

காந்தம்: வெள்ளியைக் காந்தம் ஈர்க்காது. ஈர்த்தால் உள்ளே இரும்பு இருக்கலாம். ஆனால் ஈயமும் செம்பும் கூட ஈர்க்கப்படுவதில்லை.

பனிக்கட்டி: உலோகங்களில் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி, அதன் மேல் வைத்த பனிக்கட்டி விரைவாக உருகும். செம்பும் ஏறக்குறைய அதே வேகம் காட்டும்.

உரைகல், அமிலம்: இவை மேற்பரப்பை மட்டும் சோதிப்பவை. முலாம் கனமாக இருந்தால் தெரியாது. அரத்தால் சிறிது ஆழமாகக் கீறிய பிறகே அமிலம் இட வேண்டும். நைட்ரிக் அமிலம் ஆபத்தானது என்பதால் இதைப் பழகிய பத்தர் செய்வதே நல்லது.

எக்ஸ்-கதிர் கருவி: கடைகளில் சில நொடிகளில் தரம் காட்டும் இக்கருவியும் மேல்படலத்தையே ஆராய்கிறது. தடித்த முலாமுக்கு அடியில் உள்ளதைக் காட்டாது.

நிறம்: வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். கறுப்பதால் அது போலி ஆகிவிடாது.

ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு பண்பை அளக்கிறது. செம்பு காந்தத்தையும் பனிக்கட்டியையும் கடந்துவிடும், அடர்த்தியில் சிக்கும். ஈயத்துடன் இலேசான உலோகத்தைக் கலந்து அடர்த்தியை வெள்ளிக்கு நெருங்கச் செய்யவும் முடியும். அது பனிக்கட்டிச் சோதனையில் பின்தங்கும். எனவே குறைந்தது இரண்டு வெவ்வேறு பண்புகளைச் சோதிப்பது பாதுகாப்பு. சந்தேகம் நீடித்தால் கட்டியைத் துளைத்து உள்ளிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்வதே முடிவான வழி.

முத்திரையும் ரசீதும்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைகளுக்கும் பொருட்களுக்கும் தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் முறையை விருப்ப அடிப்படையில் நடைமுறைப்படுத்தியுள்ளது. ஆறு இலக்க எழுத்தெண் குறியீட்டை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். கட்டிகளைப் பொறுத்தவரை சுத்திகரிப்பு நிறுவனத்தின் பெயர், எடை, தரம் (999 போன்றவை), வரிசை எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முத்திரையையும் உறையையும் கூடப் போலியாகச் செய்ய முடியும் என்பதால் இவை மட்டும் போதாது.

இந்த விவரங்கள் அனைத்தும் ரசீதில் இடம்பெற வேண்டும். சந்தை விலையை விடக் குறைத்து, ரசீது இன்றி விற்கப்படும் கட்டியைத் தவிர்ப்பதே நல்லது. ஏமாற்றப்பட்டவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ரசீது இல்லாவிட்டால், எந்தக் கட்டி யாரிடம் வாங்கப்பட்டது என்பதை நிறுவுவதே கடினமாகிவிடும்.