அம்மாவின் பாதத்தைப் பார்த்தீர்களா?

ஒரே வீடு, தெரியாத புண்

பிள்ளைகளுக்குத் துவாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். சர்க்கரை நோயுள்ள பெற்றோர் அவர்களோடு ஜூரோங் வெஸ்ட் வீவக வீட்டில். இப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வரும் கால்புண்களை நான் பெரும்பாலும் பார்ப்பது அழுகத் தொடங்கிய பிறகுதான்.

"பையன் நைட் முடிச்சு வந்து தூங்குறான், எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன் டாக்டர்" என்றார் ஓர் அம்மா. கட்டைப் பிரித்தால் மஞ்சளும் காப்பித்தூளும் காய்ந்து ஒட்டியிருந்தன. அடியில் சுண்டுவிரல் கறுத்திருந்தது. கூடவே வாழும் மகன் அந்தப் புண்ணை அன்றுதான் பார்த்தார்.

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. இங்கே சீனர்களைவிட இந்தியர்களிடம் இந்நோய் அதிகம். ஆனாலும் நம் வீடுகளில் இன்னும் கைவைத்தியம்தான் முந்துகிறது.

இவற்றை நம்பாதீர்கள்

*"வலியே இல்லையே!"* அதுதான் ஆபத்து. நரம்பு மரத்துவிட்டால் ஆணி ஏறினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னக் கொப்புளம்கூட ஆறாது.

*"வெந்நீரில் ஊறவைத்தால் சரியாகும்."* மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. தோல் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். வெயில் நேரத்தில் கோயில் தரையில் வெறுங்காலோடு நடந்தாலும் இதே கதிதான்.

*"மஞ்சள், காப்பித்தூள், கோடாலித் தைலம் போதும்."* போதாது. பொடி புண்ணை மூடி மறைக்கும், உள்ளே சீழ் கட்டும். தைலம் தோலைப் புண்ணாக்கும்.

*"பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், மாத்திரை எதற்கு?"* பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

*"அப்பாவின் மாத்திரை அம்மாவுக்கும் ஆகும்."* எத்தனை முறை சொல்வது? சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் சில சர்க்கரை மாத்திரைகள் தேங்கி, சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கையும் எடுத்து விழுங்காதீர்கள்.

உடனே புறப்படுங்கள்

புண்ணில் துர்நாற்றம், கருமை, பரவும் சிவப்பு, கூடவே காய்ச்சல்: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குழப்பமோ மயக்கமோ இருந்தால் 995ஐ அழையுங்கள்.

சோதனைகள்

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைச் சோதனை; ஆண்டுக்கு ஒருமுறை கால், கண், சிறுநீரகம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பிள்ளைகளே, வேலை முடிந்து வந்ததும் அம்மா அப்பா பாதத்தைத் தூக்கி, அடிப்பகுதியையும் விரலிடுக்கையும் பாருங்கள். "சாப்டீங்களா?" என்று கேட்கும் நேரம்தான் ஆகும். முதுமையில் குனிந்து பார்க்க அவர்களால் முடியாது, கண்ணும் மங்கியிருக்கும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடச் சொல்லுங்கள். 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் அவர்களைப் பதிந்து, ஒரே குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெற்றோரே, தயவுசெய்து மறைக்காதீர்கள். இன்று பிள்ளை உங்களுக்காக அரை நாள் லீவு எடுத்தால் போதும். விரலை எடுக்கும் நிலை வந்தால், அவர் வாரக்கணக்கில் வேலையை விட்டு உங்கள் படுக்கைக்கருகே உட்கார வேண்டியிருக்கும்.