அம்பு காட்டும் சார்பு

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவிலுள்ள மாணவன் ஒருவன், பத்தாம் வகுப்பு வரையில் தமிழ்நாட்டில் தமிழ்வழியிற் பயின்று, இங்கு வந்து பி.யு.சி. வகுப்பிற் சேர்ந்தான். ஒரு திங்களுக்குள் கணிதத்தை விட்டுவிடப் போவதாகக் கூறினான். காரணம் வினவினேன். "ஃபங்ஷன் ஒன்றும் விளங்கவில்லை, அண்ணா" என்றான். நம் வீடுகளில் ஃபங்ஷன் என்றால் வளைகாப்பும் காதுகுத்தும்தானே! நூலைத் திறந்து பார்த்தேன். பத்தாம் வகுப்பில் 'உறவுகளும் சார்புகளும்' என்னும் முதல் இயலில் அவன் கற்ற அதே சார்புதான். பெயர் மட்டுமே வேறு.

இரயில்வே எழுத்தனாகிய எனக்கு வண்டிகளே கைவந்த எடுத்துக்காட்டு. தாளில் இரண்டு வட்டங்கள் வரைந்தேன். இடப்பக்கம் 12640 பிருந்தாவன், 12608 லால்பாக், 16236 மைசூரு–தூத்துக்குடி ஆகிய விரைவு வண்டிகள். வலப்பக்கம் சென்னை சென்ட்ரல், தூத்துக்குடி, கன்னியாகுமரி. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் அது சென்று முடியும் நிலையத்திற்கு ஓர் அம்பு இட்டேன். "இது சார்பா?" என்றேன்.

"இல்லை, சென்ட்ரலில் இரண்டு அம்புகள் சேர்கின்றனவே" என்றான்.

இங்கேதான் பிள்ளைகள் பலர் வழுக்கி விழுகின்றனர். இடப்பக்கத்து ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் ஓர் அம்பு, ஒரே ஓர் அம்பு, புறப்படல் வேண்டும், விதி அவ்வளவே. வந்து கூடுவது குற்றமன்று. புறப்படும்போது பிரிவதே குற்றம். பிருந்தாவன் ஒருங்கே இரண்டு ஊர்களில் பயணத்தை முடிக்க இயலுமா? கன்னியாகுமரிக்கு அம்பே வராததும் தடையன்று. அது துணை மதிப்பகத்தில் இருக்கும், வீச்சகத்தில் இராது. ஆகவே படம் சார்பையே காட்டுகின்றது.

அம்புகளைத் திருப்பிப் போட்டோம். சென்ட்ரலிலிருந்து இரண்டு அம்புகள் பிரிந்தன. கன்னியாகுமரியிலிருந்து ஒன்றுமே புறப்படவில்லை. ஒன்றிருந்தாலே சார்பு கெடும். ஈண்டு இரண்டு குறைகள்! 'வண்டி நிற்கும் நிலையங்கள்' என்று உறவை மாற்றினாலும் அவ்வாறே. பிருந்தாவனிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ஓர் அம்பு, காட்பாடிக்கு ஓர் அம்பு எனப் பிரிந்துவிடும். ஒன்றுக்கு ஒன்றே என்னும் இக்கருத்தை 1837ஆம் ஆண்டில் தெளிவுறுத்தியவர் டிரிக்ளே என்னும் செருமானிய அறிஞர்.

பின்னர் அவனே தன்னையும் தங்கையையும் இடப்பக்கம் எழுதி, இருவரிடமிருந்தும் அன்னைக்கு அம்பு இட்டான். "இது சார்பு. திருப்பினால் அம்மாவிடமிருந்து இரண்டு, சார்பன்று" என்றான்.

ஊரில் விட்டு வந்த பழைய தமிழ்க் கணித நூலை வரவழைக்கச் சொன்னேன். இப்பொழுது அதன் ஓரங்களில் மதிப்பகம் டொமைன், துணை மதிப்பகம் கோடொமைன், வீச்சகம் ரேஞ்ச் என்று எழுதி வருகின்றான்.