எரியும் கன்னத்துக்கு எந்த ஃபேஷியல்?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் பார்லர்களில் நாற்காலி கிடைப்பதில்லை. முதல் நாள் ப்ளீச், மறுநாள் கோல்ட் ஃபேஷியல் என்று பேக்கேஜ் எடுத்து வருபவர்களில், க்ரீம் பட்டதுமே கன்னம் சிவந்து எரிகிறவர்களும் உண்டு. “கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் சரியாயிடும்” என்று சமாதானம் சொல்லி வேலையைத் தொடர்வது ஆபத்து. நம் மாநிறத் தோலில் அந்த எரிச்சல் ஆறினாலும், பழுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த காப்பு ஒன்று இருக்கிறது. அது நைந்தால் ஈரம் வெளியேறும். வாசனைப் பொருளும் அமிலமும் சுலபமாக உள்ளே இறங்கும். ஸ்டீம், ஸ்க்ரப், அழுத்தமான மசாஜ், உரித்தெடுக்கும் பேக் என்ற வழக்கமான வரிசை அந்தக் காப்பை இன்னும் நைய வைக்கும்.

அனுபவமுள்ள பியூட்டீஷியன் இங்கே பாதியைக் கைவிடுவார். ஸ்டீமர் பக்கமே போகமாட்டார்; குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைக் கன்னத்தில் ஒற்றி எடுப்பார். குருணை ஸ்க்ரப் கிடையாது. மசாஜ் சில நிமிடம்தான், அதுவும் விரல் நுனி வழுக்கிப்போகும் அளவுக்கு. பேக் காய்ந்து இறுகும் முன்பே கழுவிவிடுவார். ‘இயற்கை’ என்பதற்காக எலுமிச்சைச் சாற்றையும் நம்பமாட்டார், அதன் பி.ஹெச். சுமார் 2, தோலுடையதோ ஏறக்குறைய 5.

புதிய க்ரீமை முழங்கையின் உள்மடிப்பில் தடவி 48 மணி நேரம் பார்ப்பதும் அவசியம். ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகத்தான் தலைகாட்டும். பத்து நிமிடச் சோதனை எதையும் சொல்லாது.

ஆனால், எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “வீட்டில் என்ன க்ரீம் போடுறீங்கம்மா?” மங்குவுக்காகச் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலவையைச் சிவப்பழகு க்ரீமாக நினைத்து வருடக்கணக்கில் பூசுகிறவர்கள் நிறைய. தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் மெல்லிய சிவப்புக் கோடுகளாகத் தெரியும். நிறுத்தினால் முகமே எரியும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டோடு மட்டும் விற்கும்படி அட்டவணை ஹெச்-இல் சேர்த்தது. பூசுகிறவருக்கோ அதில் ஸ்டீராய்டு இருப்பதே தெரிவதில்லை. ஆகவே ட்யூபைப் போட்டோ எடுத்து வரச்சொல்வது நல்லது. அப்படிப்பட்ட முகத்துக்கு எந்த ஃபேஷியலும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் அனுப்புவதே சரி. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனத் துணிவு வேண்டும். அதுவும் இந்தத் தொழிலின் திறமைதான்.

கல்யாணப் பெண்களே, முதல் ஃபேஷியலைத் தாலி கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பாவது செய்து பாருங்கள். எரிந்தால், பணம் கட்டியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே கழுவிவிடச் சொல்லுங்கள்.