பிடிபடும் துகளும் தப்பிக்கும் துகளும்

நெறிகட்டியிருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காலில் முள் ஏறிச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் ஓர் உருண்டை. கடைவாய்ப்பல் சொத்தையானால் தாடைக்கடியில் ஒன்று. புண் ஓரிடத்தில் இருக்க, வீக்கம் தள்ளிப்போய் இன்னோரிடத்தில் ஏன் வருகிறது? திசுக்களில் கசிந்து நிற்கும் நிணநீர் மெல்லிய குழாய்கள் வழியாக ஓடி, நிணக்கணு எனப்படும் அந்த உருண்டைகளில் வடிகட்டப்பட்ட பிறகுதான் ரத்தத்தில் சேர்கிறது. உருண்டைக்குள் விழுங்கு செல்கள் காத்திருக்கின்றன. கிருமியோ, தூசியோ, முன்பின் தெரியாத எந்தத் துகளோ சிக்கினால் விழுங்கிவிடும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் இதே இனம் பெருங்கூட்டமாகக் குடியிருக்கிறது.

புற்றுநோய்க்கு நானோ துகள் என்றதும் பத்திரிகைகளில் குட்டி ரோபோ படம் போட்டுவிடுகிறார்கள். கட்டியைத் தேடிப்போய்ச் சுடுமாம். ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை அப்படிப்பட்டதல்ல. இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, புற்று பரவத் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பது. மற்றது, மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டிலும் துகளுக்குக் கண்ணும் கிடையாது, மூளையும் கிடையாது. அதனிடம் இருப்பது அளவும் மேல்தோலும் மட்டுமே. முதல் வேலையில் துகள் விழுங்கு செல்லிடம் பிடிபட வேண்டும். இரண்டாவதில் பிடிபடவே கூடாது.

முதலில் பிடிபடும் துகள். மார்பில் சிறு கட்டி, பயாப்ஸியில் புற்று என்று தெரிந்துவிட்டது. அக்குளில் தொட்டுப்பார்த்தால் எதுவும் தட்டுப்படவில்லை. இதுபோன்ற பெண்ணுக்கும் ஒருகாலத்தில் அக்குளில் இருக்கும் நிணக்கணுக்களைப் பத்து, பதினைந்து என்று வழித்தெடுத்துவிடுவார்கள். பலருக்குக் கை வாழ்நாள் முழுவதும் வீங்கியே கிடக்கும். எடுத்த கணுக்களில் புற்று இல்லை என்பது பிறகுதான் தெரியவரும். கட்டியிலிருந்து கிளம்பும் நிணநீர் முதலில் எந்தக் கணுவை எட்டுகிறதோ, அதை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதாதா? இந்தக் கேள்வியை 1992இல் டொனால்ட் மார்ட்டன் தோல் புற்றுநோயில் நீலச் சாயம் கொண்டு சோதித்தார். அடுத்த ஆண்டு டேவிட் கிராக் மார்பகப் புற்றுநோயில் கதிரியக்கத் துகள்களைக் கொண்டு செய்து காட்டினார். முதலில் வரும் அந்தக் கணுவுக்குக் காவல் கணு என்று பெயர்.

வேலை காலையில் அணு மருத்துவப் பிரிவில் தொடங்கும். அங்கே ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம்-99 இருக்கிறது. அது சிதைந்து சிதைந்து கதிர் வீசும் டெக்னீசியம்-99எம் ஆகிக்கொண்டே இருக்கும். உப்புநீரைச் செலுத்தினால் டெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு வரும். இதைப் பால் கறப்பது என்றே அந்தத் துறையில் சொல்வதுண்டு. கறந்தது வெறும் கரைசல்; ஊசி போட்டால் உடம்பெங்கும் பரவிவிடும். அதைத் துகளில் ஏற்ற வேண்டும். தயோசல்ஃபேட் கரைசலோடு அதைச் சேர்த்து, அமிலம் விட்டு, கொதிநீரில் சில நிமிடம் வைப்பார்கள். பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிவதுபோல, கந்தகம் நுண்ணிய மணிகளாகத் திரிந்து டெக்னீசியத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். பிறகு ஆறவைத்து, அமிலத்தைத் தணித்து, 220 நானோமீட்டர் துளைகள் கொண்ட வடிகட்டியில் வடிப்பார்கள். மனித ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தில் செய்த துகள்களும் உண்டு; அவை இன்னும் சிறியவை, பெரும்பாலும் 80 நானோமீட்டருக்குள். ரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு சுமார் 7,000 நானோமீட்டர் என்றால் இவற்றின் சிறுமை புரியும்.

வடிகட்டுவதில்தான் சூட்சுமம். துகள் மிகப் பெரிதாக இருந்தால் ஊசி குத்திய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். மிகச் சிறிதாக இருந்தால் ரத்தத் தந்துகிக்குள் நுழைந்து காணாமல் போகும். இடைப்பட்டது மட்டுமே நிணநீர்க் குழாயில் ஏறும்.

அடுத்தது ஊசி. முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத் தோலில் கொஞ்சமே கொஞ்சம். சுருக்கென்று எரியும். சில நிமிடம் அந்த இடத்தைத் தடவிவிடச் சொல்வார்கள். துகள்கள் நிணநீரோடு மிதந்து அக்குளுக்குப் போய், முதல் கணுவில் விழுங்கு செல்களிடம் மாட்டிக்கொள்ளும். கதிரைப் படம்பிடிக்கும் கேமராவில் பார்த்தால் ஊசி போட்ட இடத்தில் பெரிய கரும்பொட்டு, அக்குளில் சின்னப் பொட்டு ஒன்றோ இரண்டோ.

அறுவை அரங்கில் மருத்துவர் கையில், கதிரை உணர்ந்து சத்தமிடும் பேனா வடிவக் காமா கருவி. அக்குள் தோல்மேல் நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் கூடும். அங்கே சிறிதாகக் கீறி, சத்தத்தைப் பின்தொடர்ந்து கணுவைப் பிடிக்க வேண்டும். நம் நாட்டில் பல இடங்களில் கூடவே மெத்திலீன் நீலமும் போடுகிறார்கள். விலை குறைவு, கணுவும் நீலமாகத் தெரியும். (மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது.) அதிகமாகச் சத்தமிடும் கணுவை எடுத்த பிறகு, அதன் கதிர் எண்ணிக்கையில் 10 சதவீதத்துக்கு மேல் காட்டும் மற்றவற்றையும் எடுப்பார்கள். வழக்கமாக இரண்டு மூன்றுதான் தேறும். எடுத்ததை உறையவைத்துச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, புற்று இல்லை என்று நோயியல் பிரிவிலிருந்து தகவல் வந்தால் அக்குளைத் தைத்து மூடிவிடலாம். மற்ற கணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இது போதுமா என்று 5,611 பெண்களிடம் அமெரிக்கா, கனடாவில் நடந்த ஆய்வு பார்த்தது. 2010இல் முடிவு வந்தது: காவல் கணு சுத்தமாக இருந்தவர்களில், முழுவதும் வழித்தெடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒன்றுபோலவே பிழைத்திருந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் துகளுக்குப் புற்றைத் தெரியவே தெரியாது. புற்று போயிருந்தால் எந்த வழியாகப் போயிருக்கும் என்பதை அது நடந்து காட்டுகிறது, அவ்வளவுதான். டெக்னீசியத்தின் கதிர் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம்.

இனி தப்பிக்க வேண்டிய துகள். டாக்ஸோரூபிசின் பழைய கீமோ மருந்து. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து இத்தாலியில் எடுத்தது, செக்கச்செவேல் என்றிருக்கும். புற்றுச் செல்களை நன்றாகவே கொல்லும். கூடவே இதயத் தசையையும் கெடுக்கும். அதனால் வாழ்நாளில் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். இதைக் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து அனுப்பினால் இதயம் தப்புமே என்று எருசலேமில் ஆல்பர்ட்டோ கபிசோனும் யெஹெஸ்கேல் பாரன்ஹோல்ட்ஸும் 1980களில் இறங்கினார்கள். முதல் குமிழ்கள் தோற்றன. கல்லீரலின் விழுங்கு செல்கள் வாரி விழுங்கிவிட்டன. காவல் கணுவில் நமக்கு வேலை செய்துகொடுத்த அதே கூட்டம் இங்கே குறுக்கே நின்றது.

தேறிய குமிழை எப்படிச் செய்கிறார்கள்? மூன்று கொழுப்புகள், எடையில் 3:1:1. பெரும்பங்கு சோயா லெசித்தின். சாக்லெட் உறையில் பார்த்திருப்பீர்களே, அந்தச் சரக்குதான். ஆனால் ஹைட்ரஜன் ஏற்றியது. எண்ணெயை டால்டாவாக்குவது போன்ற வேலை. அப்படிச் செய்தால் 50 டிகிரிக்கு மேல்தான் இளகும். உடம்புச் சூட்டில் விறைப்பாக, ஒழுகாமல் நிற்கும். இரண்டாவது கொலஸ்ட்ரால். ஊரெல்லாம் அதைத் திட்டினாலும் குமிழின் சுவரில் இடுக்கு அடைக்க அதைவிட்டால் ஆளில்லை. மூன்றாவது, பாலிஎத்திலீன் கிளைக்கால் வால் ஒட்டிய கொழுப்பு. மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கும் பொடியும் இந்தப் பொருள்தான். அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணம் இங்கேயும் உதவுகிறது: குமிழைச் சுற்றி நீர்ப்போர்வை விழுகிறது. ‘இது அந்நியம்’ என்று அடையாளம் காட்டும் ரத்தப் புரதங்கள் எளிதில் ஒட்ட முடிவதில்லை. விழுங்கு செல்லும் கண்டுகொள்வதில்லை.

மூன்றையும் சாராயத்தில் கரைத்து, 60 டிகிரிக்கு மேல் சூடான அமோனியம் சல்ஃபேட் கரைசலில் ஊற்றுவார்கள். உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கும் உப்புதான், சுத்தம் மட்டும் மருந்துத் தரம். கொழுப்பு தானாகவே சுருண்டு குமிழாகும், உப்புநீரும் உள்ளே அடைபடும். ஆனால் முதலில் வருபவை பெரிதும் சிறிதுமாக, வெங்காயம்போல் பல அடுக்கோடு இருக்கும். இடியாப்ப உழக்கில் மாவைப் பிழிவதுபோல, நுண்துளைத் தகடுகள் வழியாக அழுத்தத்தில் பிழிய வேண்டும். முதலில் பெரிய கண், பிறகு சிறியது, பிறகு அதிலும் சிறியது. சூடு இறங்கினால் கொழுப்பு இறுகித் தகடு அடைத்துக்கொள்ளும். கடைசியில் 80 முதல் 100 நானோமீட்டருக்குள் ஒற்றைச் சுவர்க் குமிழ்கள் மிஞ்சும். பிறகு வெளியே இருக்கும் உப்புநீரை நீக்கிச் சர்க்கரைக் கரைசலாக மாற்றுவார்கள். உள்ளே மட்டும் உப்பு, வெளியே இல்லை.

மருந்து இன்னும் உள்ளே போகவில்லை. இந்தக் கட்டம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் சலிக்காது. உள்ளே இருக்கும் அமோனியம், அமோனியாவாகச் சுவரைத் தாண்டி மெல்ல வெளியேறுகிறது. போகும்போது ஓர் அமிலத் துளியை, ஒரு புரோட்டானை, விட்டுவிட்டுப் போகிறது. வெளியே மருந்தைக் கலந்து சூடாக வைத்தால், மின்சுமை இல்லாத மருந்து மூலக்கூறு சுவரைக் கடந்து உள்ளே வரும். வந்ததும் அந்தப் புரோட்டான் அதில் ஏறிக்கொள்ளும். சுமை ஏறிய மருந்தால் திரும்ப வெளியேற முடியாது. சல்ஃபேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும். மீன் பிடிக்கப் பறி வைப்பதுபோலத்தான்: உள்ளே வர வழி உண்டு, திரும்ப வழி இல்லை. ஒரு குமிழுக்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் சேர்ந்துவிடும். உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் கோடு ஓடிய காப்பிக்கொட்டை மாதிரி இருக்கும். கலந்த மருந்தில் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே அடைபட்டுவிடுகிறது. ஆறவைத்து, கிருமி நீக்கும் வடிகட்டியில் வடித்து, குப்பியில் அடைத்தால் முடிந்தது. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது.

இந்தக் குமிழ் மருந்து 1995இல் அமெரிக்காவில் டாக்ஸில் என்ற பெயரில் அனுமதி பெற்றது. நானோ மருந்துகளில் அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான் என்பார்கள். செய்முறையைக் காகிதத்தில் எழுதுவது எளிது. 2011இல் அதைத் தயாரித்துவந்த ஒஹையோ மாநில ஒப்பந்த ஆலை நின்றபோது அமெரிக்க நோயாளிகளுக்கு மருந்தே இல்லாமல் போயிற்று. சட்டென்று இன்னோர் ஆலைக்கு மாற்றிக்கொள்ள முடியவில்லை. 2012 பிப்ரவரியில் நம் சன் ஃபார்மாவின் லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அங்கே தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். மறு ஆண்டு அதே நிறுவனத்தின் மருந்துக்கு முறையான அனுமதியும் வந்தது.

இனி வார்டு. சாதாரண டாக்ஸோரூபிசின் தெளிந்த சிவப்பு. இது லேசாகக் கலங்கிய சிவப்பு. 90 மில்லிகிராம்வரை 250 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலக்க வேண்டும். உப்புநீர் பாட்டிலில் கலக்கக் கூடாது. ட்ரிப்ஸ் குழாயில் வடிகட்டி மாட்டக் கூடாது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1 மில்லிகிராம், அதற்கு மேல் வேண்டாம். முதல் சில நிமிடங்கள் நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். “மூச்சு முட்டுதாம்மா? முதுகு வலிக்குதா?” முகம் சிவந்தால் நிறுத்திவிட்டு, அடங்கிய பிறகு மெதுவாகத் தொடர்வார்கள். நீர்ப்போர்வை போர்த்தியும் உடம்பை முழுதாக ஏமாற்ற முடியவில்லை என்பதற்கு இது அடையாளம்.

ஏறிய குமிழ்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல ரத்தக் குழாயின் சுவர் நெருக்கமாகக் கட்டியது, குமிழ் வெளியேறாது; இதயம் தப்புவது இதனால்தான். கட்டிக்குள் அவசரக் கோலத்தில் முளைத்த குழாய்களின் சுவரில் இடைவெளிகள் உண்டு, அங்கே கசிந்து தங்கும் என்பது 1986இல் ஜப்பானின் குமமோட்டோவில் மட்சுமுராவும் மயேதாவும் சொன்ன விளக்கம். எலியில் அழகாகத் தெரிந்தது. டொரன்டோவில் வாரன் சானின் குழு பலரது ஆய்வுகளையும் தொகுத்து 2016இல் கணக்குப் போட்டபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக வெறும் 0.7 சதவீதம். போய்ச் சேர்ந்த குமிழையும் கட்டிக்குள் இருக்கும் விழுங்கு செல்கள் பிடித்துக்கொள்வதுண்டு. அங்கே மட்டும் அது நமக்குச் சாதகம், மருந்து கட்டிக்குள்ளேயே கசியும். முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களிடம் பழைய மருந்தையும் குமிழ் மருந்தையும் ஒப்பிட்டார்கள். புற்றை அடக்குவதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். இதயக் கேடுதான் வெகுவாகக் குறைந்தது. கட்டியைத் தேடிப்போகும் ஏவுகணை என்று எழுதுபவர்கள் இந்த முடிவைச் சொல்வதே இல்லை. எனக்கு இதுவே பெரிய காரியமாகப் படுகிறது.

அதற்கும் ஒரு விலை உண்டு. பல நாள் சுற்றும் குமிழ்கள் தோலிலும் கசிகின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் மருதாணி வைத்ததுபோல் சிவந்து, எரிந்து, சிலருக்குத் தோல் உரியும். வெந்நீரில் கை வைக்காதீர்கள், இறுக்கமான செருப்பு வேண்டாம், துணி பிழிகிற வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்புவார். சினைப்பைப் புற்றுநோய்க்கு இந்த மருந்தைக் கொடுத்தால் அடுத்த முறை 4 வாரம் கழித்து. ட்ரிப்ஸ் கழற்றி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழிந்து, மூன்றாம் நாள் தளர்ந்த ரப்பர் செருப்போடு நோயாளி வாசலில் உட்கார்ந்திருக்கும்போதும், ஏறிய மருந்தில் பாதி இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.