தலைக்கு மேலே ஒரு காட்டுப்பாதை

காத்திப் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பேருந்தில் சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்குப் பிள்ளைகளுடன் போகிறீர்களா? மண்டாய் லேக் ரோட்டில், மரஞ்செடிகள் வளர்ந்த ஒரு மேம்பாலத்தைக் கடப்பீர்கள். அதில் வாகனம் ஓடாது. 2019இல் விலங்குகளுக்கென்றே திறக்கப்பட்ட பாலம் அது.

சாலை காட்டை இரண்டாகப் பிரிக்கிறது. அதைக் கடக்கும் விலங்கு வாகனத்தில் அடிபடலாம். கடக்காமல் ஒரே பக்கம் தங்கினாலும் ஆபத்துதான்: சிறு கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் தொடர்ந்தால் மரபணு வேறுபாடு குறையும், நோயைத் தாங்கும் ஆற்றலும் குன்றும்.

இப்பாலம் இருபுறக் காட்டையும் இணைக்கிறது. சருகுமானும், அழிவின் விளிம்பிலுள்ள சுண்டா எறும்புத்தின்னியும் இதில் நடமாடுவதைக் கேமராக்கள் பதிவுசெய்துள்ளன. பேருந்து அடியில் நுழையும்போது, பாலம் யாருக்கு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.