பழைய மரம் வாங்கலாமா? காரைக்குடித் தூண்களை முன்வைத்து

வீட்டு உள்அலங்காரத்தில் இப்போது பழைய மரத்துக்கு நல்ல மவுசு. ஹோட்டல் வரவேற்பறையில் செட்டிநாட்டுத் தூண், ஃபிளாட் வாசலில் பழைய காலத்து நிலைக்கதவு. "புதுசா மரம் வெட்டலையே, இருக்கிறதைத்தானே எடுத்துக்கிறோம்" என்பது வழக்கமான வாதம். பாதி சரி. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். எரித்தால் உடனே காற்றில் கலந்துவிடும். மேசையாகவோ அலமாரியாகவோ இருக்கிற வரைக்கும் மரத்திலேயே தங்கும்.

மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி கேட்டாகணும்: அந்த வீட்டை எதுக்காக இடிச்சாங்க?

சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை எடுத்துக்குவோம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன்மேல் செங்கலைச் சாய்வாக அடுக்கிய கூரை. இந்த வீடுகள் பெரும்பாலும் நிலத்துக்காக இடிபடுகின்றன. அங்கே அடுக்குமாடி வரும். கட்டையை யாரும் வாங்காவிட்டாலும் வீடு போயிருக்கும். இங்கே நீங்கள் வாங்குவது உண்மையிலேயே மீட்பு.

செட்டிநாட்டில் கதை வேறு. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு அது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வருமானம் நொடித்தது. இன்று ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க ஆள் இல்லை. அந்தக் கிராமங்களில் நிலத்தைவிட உள்ளே நிற்கும் தூணுக்கும் கதவுக்கும்தான் அதிக விலை கிடைக்கும். அப்போ வீட்டைப் பிரிக்கத் தூண்டுவதே நம்ம தேவைதான். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற ஊர்கள் இவை. ஒரு தூண் முகப்பில் வரிசையாக நின்றால்தான் அதற்கு அர்த்தம். நம்ம ஹாலில் அது வெறும் அலங்காரம்.

அதனால் என் பரிந்துரை: வேலைப்பாடு இல்லாத உத்திரம், கட்டை, பலகை வாங்குங்கள். பழைய கதவு ஜன்னல் கடைக்காரரிடம் எந்த ஊர், எந்த வீடு, ஏன் இடிச்சாங்கன்னு கேளுங்கள். பதில் மழுப்பலா இருந்தா விட்டுடுங்க. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு இன்னொன்று: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்ப வேலைப்பாடுகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தால் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

வைரமா, வெள்ளையா? தேக்கின் வைரப்பகுதியில் இயற்கையாகவே கரையானை எதிர்க்கும் வேதிப்பொருள் உண்டு. ஓரத்து வெள்ளையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஊசித்துளைகளில் இருந்து மாவு மாதிரி புதுசாகத் தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கு.

பெயின்ட். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பச்சை, மஞ்சள் பூச்சை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஈரமாக்கிச் சுரண்டி, கழிவைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

ஆணி. அறுப்பதற்கு முன் காந்தம் வைத்துத் தடவிப் பார்க்கணும். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் ரம்பம் போகும், ஆசாரியின் கையும் போகலாம்.

அளவு. மரத்துக்கு ஏற்ற மாதிரி டிசைனை மாத்துங்க. எட்டடி உத்திரத்தை எட்டடி அலமாரித் தட்டாகவே வையுங்கள். துண்டு போட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது விறகுதான். பசைக்குப் பதில் கூர்முனைப் பொருத்தும் திருகாணியும் இருந்தால், நாளைக்கு இன்னொருத்தர் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.